அங்குலத்துக்கு ஆறு கண்ணி

மே 4

ரசாக் பாய் கடையில் நாவல்பழ நிறத்தில் கம்பளி நூல் பன்னிரண்டு உருண்டை வாங்கினேன். நாலு ப்ளை, அதாவது நாலு இழை முறுக்கியது. பத்து உருண்டைக்கு மேல் அவர் எடுத்துக் கொடுத்தது வேறு லாட். "சார், கண்ணால பார்த்தா வித்தியாசமே தெரியாது" என்றார். கடை வெளிச்சத்தில் தெரியாதுதான். பின்னி முடித்து வெயிலில் நின்றால் பாதி முதுகு ஒரு நிறம், மீதி முதுகு இன்னொரு நிறம் என்று குன்னூருக்கே தெரியும். அவரைப் பரணில் ஏறவைத்து, அதே லாட் நம்பரில் இன்னும் இரண்டை வாங்கிய பிறகுதான் கடையை விட்டு இறங்கினேன்.

இந்தத் தடவை நூலை ஒளித்துக் கொண்டுவரவில்லை. வழக்கமாக முட்டைக்கோஸுக்கு அடியில் வைத்துத்தான் வீட்டுக்குள் வரும். லூர்து பையைக் கையில் வாங்கியதுமே, "கோஸ் இன்னிக்கு பஞ்சு மாதிரி லேசா இருக்கே" என்பாள். முப்பத்திரண்டு வருஷம் கூட இருந்தவளிடம் இந்த வித்தையெல்லாம் செல்லாது. இன்றைக்கு அவளே என்னுடன் வந்து நிறம் பார்த்து எடுத்தாள். மகள் பிரமிளாவுக்குப் பின்னியிருக்கிறேன், மாப்பிள்ளைக்குப் பின்னியிருக்கிறேன், பங்குச் சாமியாருக்குக் காலுறை, மிக்ஸிக்கு உறை எல்லாம் ஆயிற்று. லூர்து மட்டும் தனக்கு என்று கேட்டதே இல்லை. இப்போது கேட்கிறாள். "இப்பல்லாம் குளிருதுங்க" என்றாள். மே மாதத்தில் என்ன குளிரோ.

அளவு எடுத்தேன். மார்பு 38. உள்ளே கொஞ்சம் காற்றுப் போக இரண்டு அங்குலம் சேர்த்து 40. முதுகுத் துண்டு மட்டும் 20.

மே 6

மாதிரித் துண்டு பின்னி, அலசி, காயவைத்து அளந்தேன். பத்தாம் நம்பர் ஊசியில் அங்குலத்துக்கு ஆறு கண்ணி. இருபது அங்குலத்துக்கு நூற்றிருபது. சிலர் மாதிரித் துண்டு பின்னாமலேயே நேராக ஸ்வெட்டரை ஆரம்பித்துவிடுவார்கள். அவர்களிடம் எனக்குப் பேச்சே இல்லை.

மே 19

முதுகுத் துண்டு கக்கம் வரை வந்துவிட்டது. கை நன்றாக ஓடுகிறது.

பெங்களூரிலிருந்து பிரமிளாவின் மாமியார் பேசினார். ஆறாவது மாதம் முடிந்திருக்கிறது. பிள்ளை கீழே இறங்கியிருக்கிறதாம், பிரசவம் வரை படுக்கையை விட்டு எழக்கூடாதாம். ஏற்கெனவே இரண்டு தங்காமல் போனவள். மனசில் எதையும் போட்டுக்கொள்ளவும் கூடாது என்று டாக்டர் சொன்னாராம். லூர்து போனை வைத்துவிட்டு வெகுநேரம் மாதா படத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து வந்து, "அவகிட்ட இனிமே நல்லது மட்டும்தான் பேசணும். உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்" என்றாள். நான் எப்போது கெட்டது பேசினேன்?

மே 20

வெள்ளை நூலில் குழந்தைக்குக் குல்லா ஒன்று ஆரம்பித்தேன். மூன்று ப்ளை, கொழுந்து மாதிரி நூல்.

ஜூன் 11

எரிச்சலாக இருக்கிறது. முடிந்த முதுகுத் துண்டை லூர்துவின் முதுகில் வைத்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் விரல் அகலம் தொங்குகிறது. மறுபடி டேப் வைத்தேன். 37. அப்படியென்றால் மே மாதம் நான் தப்பாக அளந்திருக்கிறேன். என் வாழ்நாளில் அளவில் நான் தப்பியதில்லை.

மலை ரயில் பாதையில் ஒரு சின்ன ஸ்டேஷனில் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில் கற்றுக்கொண்ட கை இது. ஒரு ரயில் போனால் அடுத்ததற்கு நாலு மணி நேரம். ரயிலுக்குக் காத்திருந்த எஸ்டேட் நர்ஸ் ஒருத்தி பொழுது போகாமல் சொல்லிக் கொடுத்தது. ஆம்பளை ஊசி பிடிக்கிறானே என்று சிரித்தவர்கள் எல்லாரும் மார்கழியில் மஃப்ளர் கேட்டு வந்து நின்றார்கள்.

"லூஸா இருந்தா இருக்கட்டுமே, உள்ள இன்னொண்ணு போட்டுக்கறேன்" என்றாள் லூர்து. ஆரோக்கியசாமி பின்னிய ஸ்வெட்டர் சாக்குப்பை மாதிரி தொங்குகிறது என்று நாலு பேர் சொல்லவா? முழுவதையும் பிரித்துவிட்டேன். பிரிக்கும்போது அவள் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஜூன் 12

பிரித்த நூல் நூடுல்ஸ் போலச் சுருண்டு கிடக்கிறது. நாற்காலி முதுகில் சுற்றிக் கட்டி, வெந்நீரில் முக்கி, அடியில் பாரத்துக்கு அரைப்படியைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். மழை. காய இரண்டு நாளாகும்.

ஜூன் 30

மறுபடி முதுகுத் துண்டு, இம்முறை நூற்றுப் பதினேழு கண்ணி.

இரண்டு நாளாக லூர்து தையல் மிஷினை ஓட்டிக்கொண்டிருக்கிறாள். ஜாக்கெட்டை எல்லாம் பிடித்துத் தைக்கிறாள். "டெய்லர் எல்லாத்தையும் தொளதொளன்னு தச்சிருக்கான்" என்கிறாள். அந்த டெய்லரிடம் பதினைந்து வருஷமாகத் தைக்கக் கொடுக்கிறாள். காலையில் அவள் தட்டிலிருந்து ஒன்றரை தோசை என் தட்டுக்கு வந்தது. எனக்கும் வயிறு ஒன்றுதானே என்று சத்தம் போட்டேன். சிரித்தாள்.

ஜூலை 14

முதுகை முடித்து முன்பக்கம் பாதி வந்ததும் வைத்துப் பார்த்தேன். தொங்குகிறது. டேப் வைத்தால் முப்பத்தைந்தரை.

நூல்தான் காரணம். ஒரு தடவை நனைத்த நூல் நெகிழ்ந்துவிட்டது. கையில் துண்டை எடுத்துக்கொண்டு நேரே ரசாக் பாய் கடைக்குப் போனேன். "பாய், இது என்ன நூல், ரப்பரா?" என்றேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஸ்கேலை வைத்துக் கண்ணிகளை எண்ணினார். "அங்குலத்துக்கு ஆறு இருக்கே சார், ஒண்ணும் நீளல" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அக்காவைப் போன வாரம் ரேஷன் கடையில பார்த்தேன். ரொம்ப எளச்சிட்டாங்களே சார், உடம்புக்கு என்ன?" என்றார்.

நூல் விற்கிறவருக்கு எதற்கு இதெல்லாம்? ஒன்றுமில்லை, மகளை நினைத்துக் கவலை, தூக்கம் சரியில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். வரும்போது தேவையே இல்லாமல் பச்சை நூல் நாலு உருண்டை வாங்கியிருக்கிறேன். என்ன பின்னப் போகிறேன் என்று தெரியவில்லை.

ஜூலை 15

பிரித்தேன்.

ஜூலை 27

ஒரு நம்பர் சின்ன ஊசிக்கு மாறியிருக்கிறேன். பின்னல் இறுக்கமாக வருகிறது, விரல் வலிக்கிறது. பரவாயில்லை.

சமையல்கட்டு மூலையில் செத்துப்போன பழைய ஃபிரிட்ஜ் இருக்கிறதே, அதுதான் என் நூல் கிடங்கு. பூச்சி ஏறாது, ஈரம் ஏறாது. இன்று எல்லாவற்றையும் வெளியே எடுத்து நிறவாரியாக அடுக்கினேன். நூற்று நாற்பத்தாறு உருண்டை இருக்கிறது. லூர்து காய்கறித் தட்டில் கிடந்த மீதத் துணுக்குகளைத் தொட்டுத் தொட்டு, இது பிரமிளா முதல் வகுப்புக்குப் போட்டுப்போனது, இது உங்கள் அம்மா சால்வை, இது நம்ம கீசர் வெடித்த வருஷம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். எனக்கே மறந்துபோனவை. "இவ்வளவு நூலையும் பின்னி முடிக்க உங்களுக்கு இன்னும் எத்தனை வருஷம் ஆகும்?" என்று கேட்டாள். பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகும் என்றேன். "அப்ப சரி" என்றாள்.

ஆகஸ்ட் 9

டேப்பைச் சுற்றிப் பிடித்தால் லூர்து மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தி நிற்கிறாள். போலீஸ் வேலைக்கா ஆள் எடுக்கிறார்கள்? மூச்சை விடு, சாதாரணமாக நில் என்றேன். "விட்டா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியணுமா?" என்றாள். குரல் ஒரு மாதிரி இருந்தது. பிறகு மூச்சை விட்டாள். டேப் கையில் தொய்ந்தது.

அளவை எழுதவில்லை. எழுத மறந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 11

குழந்தைக் குல்லா முடிந்தது, பெங்களூருக்குக் கூரியரில் போட்டேன். காலுறை ஒரு கால் முடிந்தது.

ஆகஸ்ட் 28

காலை 7.10க்குப் பெண் குழந்தை. இரண்டு கிலோ எழுநூறு. தாயும் சேயும் சுகம். பிரமிளா வீடியோவில் குழந்தையைக் காட்டினாள். நான் பின்னிய குல்லா புருவம் வரை இறங்கியிருந்தது. பெரிதாகிவிட்டது. அதனால் என்ன, வளர்ந்து சரியாகப் போகும்.

லூர்து மகளிடம் அவ்வளவு நேரமும் சிரித்துச் சிரித்துப் பேசினாள். போனை வைத்ததும் அழுதாள். இப்படி அழுது நான் பார்த்ததில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரி. இனிமே டாக்டர்கிட்ட போகலாம்" என்றாள்.

எதற்கு என்று நான் கேட்கவில்லை. உள்ளே போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தேன். படியிறங்கும்போதுதான் அதைக் கேட்காமலே கிளம்பிவிட்டோம் என்று உறைத்தது.

ஆகஸ்ட் 29

நேற்று போனபோது இங்குள்ள டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, கோயம்புத்தூருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

செப்டம்பர் 5

இரண்டு நாள் டெஸ்ட். இன்றைக்குப் பெரிய டாக்டர் பார்த்தார். சின்ன வயசுப் பெண், பொறுமையாகப் பேசுகிறார். "எப்பலேர்ந்தும்மா வெயிட் குறையுது?" என்று கேட்டார்.

"ஒரு ரெண்டு வாரமா" என்றாள் லூர்து.

பொய். பையில் இந்த நோட்டு இருந்தது. ஆஸ்பத்திரியில் காத்திருக்கும் நேரத்தில் எழுதலாம் என்று கொண்டுபோயிருந்தேன். எடுத்துப் பிரித்து வாசித்தேன். மே 4, 38. ஜூன் 11, 37. ஜூலை 14, முப்பத்தைந்தரை. டாக்டர் பேனாவை நிறுத்திவிட்டு, "யார் அளந்தது?" என்றார். நான்தான் என்றேன். எதற்காக அளந்தீர்கள் என்றார். ஸ்வெட்டருக்கு என்றேன். அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ஜூன்லயே வந்திருக்கலாமே சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு, மூன்று அளவுகளையும் தேதி போட்டுத் தன் காகிதத்தில் எழுதிக்கொண்டார்.

வயிற்றில்தான். கல்லீரலுக்கும் போய்விட்டதாம். ஆபரேஷன் செய்கிற கட்டம் தாண்டிவிட்டது, மருந்து ஏற்றிப் பார்ப்போம் என்றார். அந்த நோயின் பெயரை எழுத எனக்குக் கை வரவில்லை.

செப்டம்பர் 6

நேற்று பஸ் மேட்டுப்பாளையம் தாண்டியது. அப்புறம் லூர்துதான், "எல்லாத்தையும் வாசிச்சுட்டீங்களே" என்றாள்.

"உனக்கு எப்போ தெரியும்?"

"ஏப்ரல்லயே சாப்பாடு இறங்கல. மேயில வலி. போலாம்னு இருந்தப்பதான் பிரமிளா படுத்துட்டா. அவகிட்ட சொல்லாம ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா அலைய முடியுமா? சொன்னா அவ படுக்கையில இருப்பாளா? எந்திரிச்சு ஓடி வந்திருப்பா. அந்தப் புள்ள தங்கியிருக்குமா?"

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்."

"உங்களுக்குத் தெரியும்ங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. "ஜூன்ல நீங்க உக்காந்து பிரிச்சப்பவே உங்களுக்குத் தெரிஞ்சிருச்சுன்னு நெனச்சேன். கேட்டுருவீங்களோன்னு பயம். கேட்டா நான் சொல்லிடுவேன். நீங்க கேக்கல."

இல்லை, தெரியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். அளவில் நான் தப்பியதில்லை. அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். மே மாதத்தில் 38 என்றால் 38தான். இரண்டு தடவை பிரித்தேன், ஊசியை மாற்றினேன், ரசாக் பாயிடம் சண்டைக்குப் போனேன். மூன்று மாதமாக என் மனைவி என் கைக்குள்ளேயே கரைந்துகொண்டிருந்தாள். அங்குலம் அங்குலமாக அளந்து எழுதிக்கொண்டு, நூல் நெகிழ்ந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நானெல்லாம் ஒரு மனுஷன்.

குன்னூர் வரப்போகிற நேரத்தில் ஒன்று சொன்னாள். "பிரமிளாவுக்கு உடம்பு விஷயத்தைச் சொல்லிடலாம். எப்பலேர்ந்துங்கறதை மட்டும் சொல்லாதீங்க. தெரிஞ்சா அந்தக் குழந்தை மூஞ்சியைப் பார்க்கிறப்பல்லாம் அவளுக்கு இது நெனப்பு வரும். சத்தியம் பண்ணுங்க."

பஸ்ஸிலேயே கையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

செப்டம்பர் 20

முதல் மருந்து ஏற்றியாயிற்று. வாந்தி. கஞ்சி மட்டும்.

அக்டோபர் 3

"ஸ்வெட்டர் என்ன ஆச்சு?" என்று கேட்டாள். இருக்கிறது, பாதியில் நிற்கிறது, மறுபடி அளவு எடுக்கவேண்டும் என்றேன். "எடுக்க வேண்டாம். முதல்ல எடுத்தீங்களே, அந்த அளவுக்கே போடுங்க."

"பெரிசா இருக்குமே லூர்து."

"இருக்கட்டும். நான் சாப்பிட்டுத் தேறி வந்து சரியாக்கிக்கறேன். நீங்க கண்ணியைக் குறைக்காதீங்க."

பாதியில் நின்றதைப் பிரித்துவிட்டு, பழைய ஊசியை எடுத்து நூற்றிருபது கண்ணி ஏற்றினேன். டேப்பைத் தையல் மிஷின் டிராயருக்குள் போட்டு மூடிவிட்டேன்.

அக்டோபர் 22

முதுகு முடிந்தது. மருந்து ஏற்றும் நாட்களில் வார்டிலேயே பின்னுகிறேன். பக்கத்துக் கட்டில் அம்மா, "உங்க வீட்டுக்காரர் பின்றதைப் பார்த்தா எங்களுக்கே பொழுது போகுது" என்றார். "கணக்குத் தப்பினா மூஞ்சியைப் பாருங்க" என்றாள் லூர்து. வார்டே சிரித்தது.

நவம்பர் 17

முந்தாநாள் பட்டன் ஏழு வைத்து முடித்தேன். லூர்து போட்டுக்கொண்டாள். தோள் இரண்டும் இறங்கிப் பாதிக் கைக்கு வந்துவிட்டன, உள்ளே இன்னொரு ஆள் உட்காரலாம். கண்ணாடியில் பார்த்து, "நிறம் நல்லா எடுத்திருக்கேன்ல?" என்றாள். நல்ல நிறம் என்றேன். இரண்டு நாளாக அதைக் கழற்றவில்லை.

டிசம்பர் 8

பிரமிளா குழந்தையோடு வந்திருக்கிறாள். செப்டம்பரிலிருந்தே வருகிறேன் வருகிறேன் என்றவள். தையல் ஆறட்டும், குழந்தைக்கு மூன்று மாதம் ஆகட்டும் என்று லூர்துதான் தடுத்து வைத்திருந்தாள். வந்தவள் அம்மாவைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள். குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டுக் கட்டிலில் போய் அம்மா பக்கத்தில் படுத்துக்கொண்டாள். லூர்து ஸ்வெட்டர் பட்டனை அவிழ்த்து அவளையும் உள்ளே இழுத்து மூடினாள். இரண்டு பேருக்கும் போதுமாக இருந்தது.

டிசம்பர் 24

பூசைக்கு யாரும் போகவில்லை. குழந்தை முதல் தடவையாகச் சத்தம் போட்டுச் சிரித்தது. லூர்து அதைக் காதால் கேட்டாள்.

டிசம்பர் 30

லூர்து இன்று காலை ஒன்பதே முக்காலுக்குப் போய்விட்டாள். நான் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தேன்.

ஜனவரி 3

கல்லறையில் மண் இன்னும் ஈரமாக இருக்கிறது. வீட்டில் ஆட்கள் வந்துபோகிறார்கள். ரசாக் பாய் வந்து அரைமணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். அவரிடம் மன்னிப்புக் கேட்க நினைத்தேன், முடியவில்லை.

ஜனவரி 9

பின்னவில்லை.

ஜனவரி 14

இன்று எழுதவேண்டியது இருக்கிறது.

மத்தியானம் வெயில் அடித்தது. வாசலில் நாற்காலி போட்டுக் குழந்தையை மடியில் வைத்திருந்தேன். பிரமிளா உள்ளேயிருந்து வந்தாள். நாவல்பழ ஸ்வெட்டரைப் போட்டிருந்தாள். அவளுக்குக் கொஞ்சம் இறுக்கம். ஆஸ்பத்திரிக் காகிதங்கள் எல்லாம் கையில் இருந்தன. ஒவ்வொன்றாகப் படித்திருக்கிறாள்.

"அப்பா, இந்த ஸ்டேஜுக்குப் போக மாசக்கணக்கா ஆகும்னு நெட்ல போட்டிருக்கு. அம்மா ஆகஸ்ட்ல வீடியோவுல நல்லாத்தானே பேசினாங்க. எப்பலேர்ந்து இப்படி இருந்தாங்க?"

டாக்டர் என்னைக் கேட்டு எழுதிக்கொண்ட தேதிகள் அந்தக் காகிதத்தில் இல்லை. அது ஆஸ்பத்திரியிலேயே இருக்கிறது. இருந்திருந்தால் நான் சொல்லவே வேண்டியிருந்திருக்காது. குழந்தை என் சட்டைப் பட்டனைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. நன்றாகக் கொழுகொழுவென்று இருக்கிறது, நெற்றி அப்படியே லூர்து.

"தெரியலம்மா" என்றேன்.

"தெரியலன்னா? ரெண்டு பேர்தானே இந்த வீட்டுல? ஒரு மனுஷி அரை ஆளா ஆகியிருக்காங்க. பக்கத்துலயே இருந்திருக்கீங்க. கண்ணுக்குத் தெரியாதா?"

சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் வந்தது. மே மாதமே அம்மாவுக்குத் தெரியும், உன் பிள்ளைக்காகத்தான் வாயை மூடிக்கொண்டாள் என்று. சொல்லிவிட்டால் என் பாரம் இறங்கிவிடும். குழந்தை என்னைப் பார்த்துச் சிரித்தது.

"உங்கம்மா ஒண்ணும் சொல்லல. நானும் கவனிக்கலம்மா" என்றேன். "உனக்குத்தான் தெரியுமே, ஊசியைக் கையில எடுத்தா வேற எதுவும் கண்ணுல படாது. எந்நேரமும் நூலும் கணக்குமா இருந்துட்டேன். நான்தான் பார்த்திருக்கணும். என் தப்புத்தான்."

பிரமிளா என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு குனிந்து குழந்தையை என் மடியிலிருந்து எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நாளைக்குக் காலை பஸ்ஸுக்கு மாப்பிள்ளை டிக்கெட் போட்டிருக்கிறாராம். பெட்டி கட்டுகிற சத்தம் கேட்கிறது.

அது இல்லை, வேறு ஏதோ இருக்கிறது, மறைக்காமல் சொல்லுங்கள் என்று அவள் இன்னொரு தடவை கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. நான் சொன்னதை உடனே நம்பிவிட்டாள்.